பூ வைக்காத புஷ்பலதா

யாங்கோன் தமிழ்ப் பெண்களுக்குப் பூ என்றால் உயிர். சமையலில் குறை வைத்தாலும் வைப்பார்கள், வெள்ளிக்கிழமைக் கொண்டையில் குறை வைக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பெண் தலையில் ஒரு மொட்டுக்கூட இல்லாமல் நடமாடுகிறாள் என்றால், அவள் பெயரும் புஷ்பலதா என்றால், அந்த வெறுங்கூந்தலுக்குப் பின்னால் ஒரு நெருப்பு இல்லாமலா இருக்கும்?

தாமுவே சந்தையை ஒட்டிய தெருவில் மூன்றாவது மாடியில் அவள் வீடு. முன்னறைதான் டியூஷன் வகுப்பு. படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகளின் செருப்பு. கரண்ட் போனால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பஸ் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பாடம் நடத்துவாள். ஜி.இ.டி. என்று அமெரிக்கப் பள்ளிப் படிப்புக்குச் சமமான ஒரு பரீட்சை இருக்கிறதே, அதற்குத்தான் இப்போது யாங்கோன் பிள்ளைகள் எல்லோரும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். அதை எழுதிவிட்டால் வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்ற ஆசை. அதில் அமெரிக்க வரலாறு ஒரு பகுதி. அமெரிக்காவின் திசைகூடத் தெரியாத புஷ்பலதா, அதை நடத்துவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

"கீழே பூக்காரி கேக்குறா," என்பாள் அவள் தாய் தைலம்மாள். "உங்க பொண்ணு பேருல பூ இருக்குதாம், தலையில இல்லியாம். நான் என்ன பதில் சொல்ல?"

"தீ இருக்குன்னு சொல்லுங்கம்மா."

"சொல்லிட்டேன். அப்ப குளிரு காலத்துல வந்து குளிர் காஞ்சுக்கிறேங்குறா."

தைலம்மாள் சிரிப்பாள். மகள் சிரிக்க மாட்டாள்.

அந்தத் தீ பற்றிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பசுந்தாங் கால்வாயை அடுத்து ஒரு திரௌபதி அம்மன் கோயில். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த தமிழர்கள், வேலை முடிந்த கையோடு செங்கல் சுமந்து கட்டிய கோயில் அது. அவர்கள் குடியிருந்தது நீள நீளமான லைன் வீடுகளில். அவற்றில் கடைசி லைனில் குடியிருந்த இருவருடைய பேரன்கள்தான் அய்யாசாமியும் கார்த்திகேசனும். அய்யாசாமி புஷ்பலதாவின் தகப்பன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். இந்த வீட்டில் மீன் வறுத்தால் அந்த வீட்டில் சோறு இறங்கும். புஷ்பலதா கார்த்திகேசனைப் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

அறுபதுகளில் கடைகளையும் கம்பெனிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது தமிழர்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அந்த லைனில் மிஞ்சியவை இந்த இரண்டு குடும்பங்கள் மட்டுமே.

கார்த்திகேசன் மரவியாபாரத்தில் உயர்ந்தார். கோயில் தலைவரானார். சாவு வீட்டில் முதல் அரிசி மூட்டை அவருடையது. கல்யாண வீட்டில் பந்தல் அவருடையது. ஒருவனுக்கு வேலை வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போகவேண்டும். வாங்கியவன் கோயில் தேர்தலில் கையைத் தூக்காமல் இருக்க முடியுமா? அய்யாசாமியோ வெறும் தச்சன். ஆனால் தீமிதி நாளில் சக்தி கரகத்தைத் தலையில் ஏந்தி, முதல் ஆளாக நெருப்பில் இறங்குகிறவர். அவர் கரகம் எடுத்து வந்தால் பர்மாக்காரர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். அந்த அய்யாசாமியைத் தலைவராக நிற்கச் சொல்லி நாலு பேர் கேட்டார்கள். அவரும் சரியென்றார்.

அடுத்த கூட்டத்திலேயே கார்த்திகேசன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். கோயிலுக்குச் செங்கல் சுமந்தவரின் வம்சத்துக்கு மட்டுமே ஓட்டு. மற்றவர்கள் கூட்டமானாலும் திருவிழாவானாலும் கோயில் வாசலில் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்கவேண்டும். "என் தாத்தா சுமந்தார்" என்று வாயால் சொன்னால் போதாது. அதே லைனில் குடியிருந்த வேறொரு குடும்பம் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யவேண்டும்.

மற்ற லைன்காரர்களுக்குப் பத்துக் குடும்பம் சாட்சிக்கு இருந்தது. அய்யாசாமிக்கு ஒரே ஒரு குடும்பம்தான். அவர் கரகம் சுமக்கும் தலையை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏத்துங்க அண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

கார்த்திகேசன் கற்பூரத்தைத் தொடவில்லை. அம்மனையும் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார். "அந்த லைன்ல இவங்க குடும்பம் இருந்ததா எனக்கு ஞாபகமே இல்ல."

அந்த வருடம் கரகம் வேறொருவன் தலைக்குப் போயிற்று. அய்யாசாமி கயிற்றுக்கு வெளியே, தெருவில், சைக்கிள்களுக்கு நடுவே நின்று பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "என்னா அய்யாசாமி, இந்த வருசம் சூடு தாங்கலியா?" என்று கேட்டுச் சிரித்தான். அதற்கு அடுத்த தீமிதிக்கு அவர் இல்லை. வியாதி என்று டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

காரியம் முடிந்த அன்று புஷ்பலதா பசுந்தாங் கால்வாய்க்கரையில் நின்றாள். அப்போது இளம் பெண். வீட்டிலிருந்த பூவையெல்லாம் சுருட்டி எடுத்து வந்து தண்ணீரில் எறிந்தாள்.

"அம்மா திரௌபதி! நீ கூந்தல் முடியாம இருந்தியே, அது உனக்கு. எனக்கு இது. அந்த ஆளு கயித்துக்கு வெளியே நிக்கிற அன்னிக்குத்தான் என் தலையில பூ ஏறும்!"

சபதத்தை வாயால் சொன்னால் போதுமா, அதோடு வாழவும் வேண்டுமே? தாயும் மகளும் தாமுவே வீட்டுக்குக் குடிமாறிய பின், க்யிம்யிண்டைங் படகுத்துறையில் வியாபாரம் செய்த ஒரு நல்ல குடும்பம் நிச்சயம் பேச வந்தது. மாப்பிள்ளையின் தாய் ஆசையாகப் பூச்சரத்தை எடுத்தாள். புஷ்பலதா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தாலி கட்டச் சொல்லுங்க அத்தை. பூ மட்டும் வேணாம்."

"பூ இல்லாமத் தாலியா? வந்தது கல்யாணத்துக்கா, கருமாதிக்கா?"

கொண்டுவந்த தட்டோடு இறங்கிப் போனார்கள். அதன்பின் அந்த மூன்று மாடியை எந்தத் தட்டும் ஏறவில்லை. தைலம்மாள் அன்று ஒருநாள் மட்டும் அழுதாள். மகளுக்கு அழக்கூட நேரமில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கே ஒரு மத்தியானம் பாடம் தயார் செய்தபோதுதான் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி. அமெரிக்கா. படிக்கப் படிக்க அவள் உடம்பு சிலிர்த்தது. அவள் தகப்பனுக்கு நேர்ந்த கொடுமை, கடலுக்கு அப்பால், நூறு வருடத்துக்கு முன்பே ஒரு கூட்டம் ஜனங்களுக்கு நேர்ந்திருக்கிறது!

அதே மாதத்தில்தான் அவள் வகுப்பில் ஒரு புதுப்பெண் வந்து சேர்ந்தாள். கன்னத்தில் பர்மியப் பெண்கள் அரைத்துப் பூசும் தனாக்கா, கொண்டையில் மல்லிகை, கலகலவென்ற வாய். பெயர் மஞ்சுளா. தாத்தா பெயரைக் கேட்டபோது, பர்மாக்காரர்கள் பெரியவர்களுக்குச் சேர்க்கும் 'ஊ'வோடு பெருமையாகச் சொன்னாள்.

"ஊ கார்த்திகேசன். கோயில் தலைவர். ஸயாமாவுக்குத் தெரியுமா?"

பிள்ளைகள் டீச்சரை ஸயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸயாமா அந்தப் பெண்ணின் மல்லிகையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"தெரியும். முன்னாடி வந்து உக்காரு."

மஞ்சுளா நல்ல பெண். பரீட்சை பாஸாகவேண்டும் என்று இந்த வருடம் தீ மிதிக்க நேர்ந்துகொண்டிருந்தாள். புஷ்பலதா அவளை வெறுக்க முயன்றாள், முடியவில்லை. ஆனால் கத்தியை வெறுத்தால்தான் பிடிக்கமுடியும் என்று யார் சொன்னது?

அந்தப் பாடம் வந்தது.

"அமெரிக்காவுல அடிமைங்களுக்கு விடுதலை கொடுத்து, ஓட்டும் கொடுத்தாச்சு. ஆண்டுக்கிட்டிருந்த வெள்ளைக்காரங்களுக்கு மனசு வரல," என்று ஆரம்பித்தாள் புஷ்பலதா. "கறுப்பு மனுசனுக்கு ஓட்டுக் கிடையாதுன்னு நேரா எழுத முடியாது. அதனால எழுதப் படிக்கத் தெரியணும், சொத்து இருக்கணும்னு பரீட்சை வச்சாங்க. ஆனா அவங்க பக்கத்து ஏழைங்களும் அதுல தோத்துடுவாங்களே? அதுக்கு லூசியானாங்குற மாநிலத்துல ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தெட்டுல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அறுபத்தேழாம் வருசத் தொடக்கத்துல உன் அப்பனுக்கோ தாத்தனுக்கோ ஓட்டு இருந்துச்சா? அப்ப உனக்குப் பரீட்சை இல்ல, உள்ளே வா."

"அறுபத்தேழுல அடிமைங்க தாத்தாவுக்கு ஏது ஸயாமா ஓட்டு?" என்றாள் மஞ்சுளா.

"கிடையாது. அதுக்குத்தான் அந்த வருசத்தைத் தேடிப் பிடிச்சாங்க."

பின்வரிசையில் செல்வம் சிரித்தான். இருபத்தைந்து வயதில் மறுபடி பரீட்சை எழுத வந்தவன், கோயிலுக்குக் காரியதரிசி.

"அந்த அமெரிக்காக்காரனும் நம்ம தலைவர்கிட்டதான் டியூஷன் படிச்சிருப்பான் போல."

வகுப்பு சிரித்தது. மஞ்சுளா திரும்பி முறைத்தாள்.

"எங்க தாத்தா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. அது மாதிரி இல்ல."

"அப்படியா?" என்றாள் புஷ்பலதா, குரலில் தேன் ஒழுக. "சட்டம் போட்டவனும் அதுக்குக் கட்டுப்பட்டா அது நியாயமான சட்டம். கட்டுப்படலேன்னா லூசியானா. பரீட்சையில இப்படித்தான் கேள்வி வரும். எப்பவும் இதைக் கேட்டுப் பாரு மஞ்சுளா. சட்டம் போட்டவனுக்கு யாரு பரீட்சை வச்சது?"

அவள் பாடம் நடத்தவில்லை. தீட்டிக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த வகுப்புகளிலும் விடவில்லை. குளிர்காலத்தில் ஏழைகளுக்குக் கரியும் கறியும் கொடுத்து ஓட்டை வாங்கிக்கொண்ட அந்த நாளைய நகரத் தலைவர்களைப் பற்றிச் சொன்னாள். எந்தப் பாடம் எடுத்தாலும் அந்த ஒரு கேள்வியிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். மஞ்சுளா ஆர்வமாகக் குறித்துக்கொண்டாள்.

தீமிதிக்கு முந்தைய கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோயில் மண்டபத்தில் நடந்தது. புஷ்பலதா கயிற்றுக்கு வெளியே, தகப்பன் நின்ற அதே இடத்தில் நின்றாள். கார்த்திகேசனுக்கு எழுபது தாண்டியிருந்தது. தங்க பிரேம் கண்ணாடி, பட்டு லுங்கி. பேத்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு எழுந்தார்.

"என் பேத்திக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. அவ பேரைச் சேர்த்துக்குங்க. இந்த வருசம் நெருப்புலயும் இறங்குறா."

எல்லோரும் கைதட்டினார்கள். செல்வம் எழுந்து தலையைச் சொறிந்தான்.

"சேர்த்துக்கலாம் தலைவரே. புதுப்பேருக்கு அதே லைன்காரங்க வந்து கற்பூரம் ஏத்தணும். யாரு ஏத்துறது?"

"என்னடா பேசுற? இது என் பேத்திடா!"

"தாத்தா, கோவப்படாதீங்க," என்றாள் மஞ்சுளா. பேத்தி என்ற செல்லம், படித்த பெண் என்ற பெருமை, இரண்டும் அந்தக் குரலில் இருந்தன. "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான? உங்களுக்கு யாரு ஏத்துனாங்களோ, அவங்களே எனக்கும் ஏத்தட்டும். உங்களுக்கு யாரு தாத்தா ஏத்துனது?"

கார்த்திகேசன் பேத்தியின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

அவருக்கு யாருமே ஏற்றவில்லை. சட்டம் போட்டவரை யார் கேட்பார்கள்? அன்று கேட்காத வாய்கள் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்தன. "ஆமா, தலைவருக்கு யாரு சாட்சி?" "நாங்கெல்லாம் ஏத்துனோமே!" அரிசி மூட்டை வாங்கியவர்கள்தான். வாங்கியவன் நெஞ்சிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? அடுத்த ஞாயிறுக்குள் சாட்சி வரவேண்டும், வராவிட்டால் தாத்தாவுக்கும் பேத்திக்கும் உள்ளே இடமில்லை என்று கூட்டம் முடிவு செய்தது.

மஞ்சுளா திகைத்துப்போய் வெளியே பார்த்தாள். கயிற்றுக்கு அப்பால் அவள் ஸயாமா நின்றிருந்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

இரண்டு நாள் கழித்து, மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி, கார்த்திகேசன் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். தைலம்மாள் அவரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"புஷ்பா, பெரியப்பா வந்திருக்கேம்மா."

"வாங்க தலைவரே."

"பெரியப்பான்னு கூப்பிடுவியே..."

"அது பலகைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவரை. நீங்க யாருன்னு எனக்கு ஞாபகமில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் பதவி பெருசில்லம்மா. அந்தப் புள்ளைக்கு நேர்த்தி இருக்கு. அந்த லைன்ல மிச்சம் நீங்கதான். வந்து ஒரு கற்பூரம் ஏத்திடு."

"எப்படி ஏத்த முடியும்? எங்க குடும்பம் அந்த லைன்லயே இல்லேன்னு சொன்னது நீங்கதான? இல்லாத குடும்பம் எப்படிங்க சாட்சி சொல்லும்?"

தான் வெட்டிய குழி எவ்வளவு ஆழம் என்பது கார்த்திகேசனுக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. அன்று அய்யாசாமியின் வீட்டை அழித்தபோது, தனக்கிருந்த ஒரே சாட்சியையும் சேர்த்து அழித்துவிட்டிருந்தார்.

"என்ன செய்யச் சொல்ற?"

"மொதல்ல நீங்க ஏத்துங்க. எங்கப்பாவுக்கு. அம்மன் முன்னாடி, ஊர் முன்னாடி. அப்ப எங்க வீடு இருந்ததுன்னு ஆகும். அதுக்கப்புறம் என் முறை."

"ஏத்துவியா? சத்தியமா?"

"என் முறை வரட்டும்."

அவர் அவள் வெறுங்கூந்தலைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. கயிறு அவிழ்க்கப்பட்டு, புஷ்பலதாவும் தைலம்மாளும் உள்ளே அழைக்கப்பட்டார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு அம்மனை அருகில் பார்த்த தைலம்மாள், "உனக்கும் வயசாயிடுச்சுடி," என்று முணுமுணுத்தாள்.

கார்த்திகேசன் கற்பூரத்தை ஏற்றினார்.

"அய்யாசாமி என் பக்கத்து வீடு. அவன் தாத்தாவும் என் தாத்தாவும் ஒண்ணாத்தான் செங்கல் சுமந்தாங்க. எனக்குத் தெரியும். அன்னிக்கும் தெரியும்."

கூட்டத்தில் ஓர் அலை எழுந்தது. "அன்னிக்கும் தெரியுமா? அப்ப அம்மன் முன்னாடி பொய்யா சொன்னாரு?" சைக்கிள்களுக்கு நடுவே நின்று செத்துப்போன ஒரு மனிதனின் முகம் பல பேருக்கு ஞாபகம் வந்தது. ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். தைலம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

செல்வம் தட்டில் புதுக் கற்பூரத்தை வைத்துப் புஷ்பலதாவிடம் நீட்டினான். "ஸயாமா, இனிமே நீங்க கோயில் குடும்பம். ஏத்துங்க."

அவள் தட்டை வாங்கினாள். எதிரே கார்த்திகேசன் கைகூப்பி நின்றார். பக்கத்தில் மஞ்சுளா, மஞ்சள் சேலையும் கையில் காப்புமாக. சுற்றிலும் ஊர். ஒரு தீக்குச்சி உரசினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

புஷ்பலதா கற்பூரத்தை விரலால் எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். தட்டை அப்படியே தரையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

"புஷ்பா!"

"அந்த லைன்ல இவங்க குடும்பம் இருந்ததா எனக்கு ஞாபகமே இல்ல."

ஒவ்வொரு சொல்லும் அவர் அன்று சொன்னது. ஒன்றைக்கூட அவள் மாற்றவில்லை.

சாட்சி இல்லாவிட்டால் வெளியே. அது அவருடைய சட்டம். கார்த்திகேசன் திரும்பி நடந்தார். அவர் வெளியே போனபின், பழக்கதோஷத்தில் யாரோ கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். எழுபது தாண்டிய தலைவர் தெருவில், சைக்கிள்களுக்கு நடுவே நின்றார். அந்தக் காட்சியைப் புஷ்பலதா கண்ணிமைக்காமல் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் பூக்காரியிடம் நின்று, அவள் கூடையில் இருந்த சரத்தில் பாதியை வாங்கினாள். பூக்காரி வாயைப் பிளந்தாள். நரை ஓடிய கூந்தலில் தைலம்மாள்தான் வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்காம்மா?"

"உங்கப்பன் பார்க்கணும்," என்றாள் தைலம்மாள். ஒரு கணம் கழித்து, "அந்தச் சின்னப்புள்ள முகத்தைப் பார்த்தியாடி?" என்றும் கேட்டாள். மகள் கேட்காதது போல் கண்ணாடியைப் பார்த்தாள்.

தீமிதி முடிந்தது. மஞ்சுளா கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொன்னார்கள். இனி வகுப்புக்கு வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். அதே முன்வரிசை. மல்லிகை மணக்க மணக்கப் பாடம் நடத்தும் ஸயாமாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"ஸயாமா, ஒரு கேள்வி. அந்த லூசியானா மாதிரிச் சட்டமெல்லாம் எப்ப போச்சு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சு. பெரிய கோர்ட்டு செல்லாதுன்னுடுச்சு."

"அவ்வளவு வருசமா? அதுவரைக்கும் அவங்க என்ன செஞ்சாங்க?"

"வெளியே நின்னாங்க."

"வெளியே நின்னு?"

பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்துக்கிட்டு இருந்தாங்க," என்றாள் புஷ்பலதா.

மஞ்சுளா அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு தன் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவி எடுத்து, டீச்சரின் மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெறுங்கூந்தலோடு போய் உட்கார்ந்தாள்.